ஒத்திகைக்கு வராதவர்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சார். அந்தப் பைக்குள் தபலாதானே இருக்கிறது? உறையைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தத் திருமங்கலம் பஸ்ஸில் அந்த உருவத்தில் ஏறுவது ஒன்று தபலா, இல்லாவிட்டால் பலாப்பழம். பலாப்பழத்துக்கு யாரும் ஜிப் வைத்துத் தைக்க மாட்டார்கள்.

தொழிலா?

ஓகோ. பேங்கில் வேலை, இது பொழுதுபோக்கு. நினைத்தேன். கைக்குழந்தையை மாதிரி மடியில் வைத்திருக்கிறீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. தொழில்காரனாக இருந்தால் மேலே கம்பியில் தூக்கிப் போட்டுவிட்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் கலைஞன்தான். பபூன் சங்கையா என்றால் மேலூரிலிருந்து முதுகுளத்தூர் வரை தெரியும். தெரியாதா? உங்கள் வயசுக்குத் தெரியாது. உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், சிரிப்பார். இல்லை, அவருக்குப் பல்செட் என்றால் கேட்காதீர்கள். கமுதிப் பக்கம் ஒரு ஊரில் நான் மேடையில் வந்து தும்மிய தும்மலுக்கு முன்வரிசைப் பெரியவர் சிரித்து, அவருடைய பல்செட் பறந்து போய் ஆர்மோனியத்துக்குள் விழுந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அந்த ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அது அவர் விரலைக் கடித்தது. அந்த விரலை அவர் சாகும்வரை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

நம்ப வேண்டாம். யார் நம்பச் சொன்னது?

தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வேன். ஒத்திகை. நாங்கள் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். ராஜா வேஷக்காரர் ஒரு ஊரிலிருந்து வருவார், ராணி வேறு ஊரிலிருந்து வருவாள், பபூன் இன்னொரு பஸ்ஸில். ஏஜெண்ட் ஆள்விட்டுச் சொன்ன ஊரில் இறங்கி, மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். "அண்ணே சௌக்கியமா?" அவ்வளவுதான் ஒத்திகை. மேடையில் அவர் எதைக் கேட்டாலும் நான் பதில் சொல்வேன். நான் எதைப் பாடினாலும் அவள் ஆடுவாள். அதுதான் சார் தொழில். பொழுதுபோக்குக்காரன் என்ன செய்வான்? ஒரே ஒரு நாடகம், ஒரே ஒரு நாள் போடுவதற்கு ஆறு மாசம் ஒத்திகை பார்ப்பான். நாற்காலியை இங்கே வைக்கலாமா அங்கே வைக்கலாமா என்று ஒரு வாரம் யோசிப்பான். கடைசியில் நாடகத்தன்று அந்த நாற்காலியை எவனாவது சாப்பாட்டுப் பந்திக்கு எடுத்துப் போயிருப்பான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. என் பெண்சாதி சிரிக்க மாட்டாள். அந்தச் சங்கடத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவள் பெயர் அம்சவேணி. அவளும் மேடைதான். பபூனுக்கு ஜோடியாக வந்து ஆடுகிற டான்ஸ்காரி. எங்களுக்கு மேடையில் எத்தனையோ தடவை கல்யாணம் நடந்தது, அப்புறம் அழகர்கோயிலில் ஒரு தடவை நடந்தது. மேடையில் அவளுக்கு என்ன வேலை என்றால், கேள்வி கேட்பது. "ஏன் மாமா, உங்க ஊர்ல மழை பெய்யுதா?" என்பாள். நான் ஒன்று சொல்வேன், ஜனம் சிரிக்கும். அவள் இடுப்பில் கை வைத்து இன்னொன்று கேட்பாள். நான் இன்னொன்று சொல்வேன். அவளைப்போல் கேள்வி கேட்க இன்றுவரை ஆள் இல்லை, சார். பந்தை அப்படியே கையில் கொண்டுவந்து வைப்பாள். நான் தட்டினால் போதும். வீட்டிலும் அப்படித்தான். "சோறு போடட்டுமா?" என்று கேட்டால்கூட நான் சும்மா "போடு" என்று சொன்னதே கிடையாது. அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்படி ஒரு குடும்பம்.

அப்போதுதான் கோவர்த்தனன் வந்தான்.

மதுரையில் ஒரு நூல் மில். அங்கே டைம் ஆபீஸில், ஆள் வருகிற போகிற நேரத்தை எழுதுகிற கிளார்க். தீக்குச்சிக்கு வேட்டி கட்டின மாதிரி இருப்பான். மில் ஊழியர் மன்றத்துக்கு நாடகம் எழுதியிருக்கிறானாம், அவனேதான் டைரக்‌ஷனாம். அந்தக் காலத்தில் இந்த ஆபீஸ் நாடகக்காரர்களுக்கெல்லாம் ஒரே கஷ்டம், பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்காது. தங்கள் வீட்டுப் பெண்களை மேடை ஏற்ற மாட்டார்கள், அதனால் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, அம்மாவை எங்க நாடகத்துல நடிக்க அனுப்பணும்" என்றான். சரி என்றேன். "தெனமும் சாயங்காலம் அஞ்சரைக்கு ஒத்திகை" என்றான்.

அம்சவேணி உள்ளேயிருந்து வந்து என்னிடம்தான் கேட்டாள், "ஒத்திகையில என்னங்க செய்வாங்க?"

"நாடகம் நல்லா வராதுன்னு முன்கூட்டியே பார்த்துக்குவாங்க" என்றேன். அவள் சிரித்தாள். அவன்கூடச் சிரித்தான், சார். பாவம், நல்லவன்தான்.

போனாள். முதல் வாரம் போகும்போது பெருமூச்சு விட்டுக்கொண்டு போனாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, நாலு மணிக்கே தலை வாரிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். அரிசி களையும்போது வசனம். தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் வசனம். ஒருநாள் வந்து ஏதோ அதிசயத்தைக் கண்டவள் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னைக்குச் சார் என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. நாடகத்துல வர்ற அந்தப் பொம்பளை வாசல்ல ஏன் திரும்பிப் பாக்குறான்னு கேட்டாரு."

"எழுதினவன் அவன்தானே, அவனுக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியலியாம். நீங்க சொல்லுங்கம்மான்னாரு. நான் என்ன நினைக்கிறேன்னு என்னைக் கேட்டாருங்க."

"கழுத்துச் சுளுக்குன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

நல்ல ஜோக்தானே, சார்? அவளுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் விளக்கேற்றினாள்.

நாடகம் என்ன என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு புருஷன் வீட்டை விட்டுப் போகிறான். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது, பாட்டு கிடையாது, போகிறான், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் பெண்சாதி வாசலில் நிற்பாள். "கிளம்புறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்பாள். அவன் ஒரு வரி சொல்வான். அதற்கப்புறம் அவள் பேச வேண்டும், நீளமாக. அதோடு திரை. அந்தப் பேச்சைத்தான் மாசக்கணக்கில் மாவாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நாடகத்தன்று பார்த்துக்கொள்வோம் என்று இருந்தேன். தொழில்காரன் ஒத்திகை பார்க்கப் போனால் மரியாதை இல்லை பாருங்கள்.

நாடகத்தன்று சாயங்காலம் அவளோடு போனேன். அங்கே போனால் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். புருஷன் வேஷம் போடுகிற ஸ்பின்னிங் பிரிவு ஆள் ஆல்பர்ட்டுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையில் படுத்திருக்கிறான். கோவர்த்தனன் அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நானே போட்டுக்கிறேன், எனக்கு வசனம் பாடம்" என்கிறான். அம்சவேணியும், "ஆமா, சாரே செய்யட்டும்" என்கிறாள்.

நான் அங்கே நிற்கிறேன், சார். பபூன் சங்கையா அங்கே நிற்கிறேன். என் பெண்சாதிக்குப் புருஷன் வேஷம் போட ஒரு டைம் ஆபீஸ் கிளார்க்கா? ஊரில் என்ன சொல்வார்கள்? "குடுய்யா சட்டையை" என்றேன்.

கோவர்த்தனன் அவள் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ வருஷம் என்னோடு மேடையில் நின்றவள், என்னை வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? "அண்ணே, நீங்க எவ்வளவு பெரிய ஆர்ட்டிஸ்ட்டு, நீங்க கேட்டு நான் எப்படி மாட்டேங்கிறது" என்று சட்டையைக் கொடுத்தான். அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வந்து, "மத்ததெல்லாம் உங்க இஷ்டம்ணே. கடைசியில அம்மா ஒரு கேள்வி கேப்பாங்க, அதுக்கு உங்களுக்கு ஒரே ஒரு வரிதான். அதை மட்டும் அப்படியே சொல்லிடுங்க. அம்மா அதைப் பிடிச்சுத்தான் பேசணும்" என்றான். வரியையும் சொன்னான். நான் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். சரி சரி என்றேன்.

நாடகம் ஆரம்பித்தது. ஐயோ, என்ன அமைதி! ஜனம் உட்கார்ந்திருக்கிறது, ஒரு சிரிப்பு இல்லை, ஒரு விசில் இல்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு அமைதியில் நான் நின்றதே கிடையாது. முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கொட்டாவி வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நாடகம் செத்துக்கொண்டிருக்கிறது, சார். எனக்குத் தெரியாதா?

கடைசிக் காட்சி. நான் பெட்டியை எடுக்கிறேன். அவள் வாசலில் வந்து நிற்கிறாள். கேட்கிறாள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

அப்படி அவள் கேட்டு நான் கேட்டதே இல்லை. குரல் எங்கிருந்தோ வருகிறது. ஆனாலும் கேள்வி கேள்விதானே? அம்சவேணி கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தானாக வரும். இருபத்துச் சொச்சம் வருஷப் பழக்கம்.

"இருக்கு. அடுப்புல பாலை வச்சுட்டு வந்துட்டேன். பொங்கியிருக்கும், போய்ப் பாரு" என்றேன்.

சார், அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கொட்டகைத் தகரம் ஆடியது. சிரிப்புச் சத்தம் ஷிப்ட் சங்கு மாதிரி கேட்டதால் பின்வரிசை ஆட்கள் பாதிப் பேர் எழுந்து வேலைக்கே போய்விட்டார்கள். அவ்வளவு நேரமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு எல்லாம் வந்தது. அவள் நின்றாள். காத்துக்கொண்டு நின்றாள். நான் இன்னொன்று சொன்னேன், அதற்கும் சிரிப்பு. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நடை நடந்தேன், விசில். அப்படியே வெளியே போனேன். எவனோ திரையை இழுத்துவிட்டான். அவள் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது.

செத்த நாடகத்தை எழுப்பி உட்கார வைத்தேன். ஒரு மாலை? ஒரு "நல்லா இருந்துச்சுண்ணே"? யாராவது? அம்சவேணி அரிதாரத்தைக் கலைக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கோவர்த்தனன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடுவோம்மா, கண்டிப்பாப் போடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எங்கே போடுவது? அந்த வருஷமே மில்லில் ஸ்டிரைக், அப்புறம் கதவடைப்பு, அப்புறம் மில்லே இல்லை.

அவள் என்னோடு திரும்பவும் ஸ்பெஷல் நாடகத்துக்கு வந்தாள். இடுப்பில் கை வைத்தாள், கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன், ஜனம் சிரித்தது. குறையே சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "ஏன்டி, என்ன?" என்றால், "தொண்டை கட்டியிருக்கு" என்பாள். ஒருத்தருக்கு அத்தனை வருஷமா சார் தொண்டை கட்டும்? நான் என்ன தப்புச் செய்தேன்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது அவளுக்கு ஞாபகம் போய்விட்டது. முதலில் கொத்துமல்லியை எங்கே வைத்தோம் என்பது போயிற்று. அப்புறம் தெரு போயிற்று. மகள் செல்வராணி வந்து வில்லாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நானும் போனேன். ரெண்டு நாளில், "அப்பா, நீங்க பேசப் பேச அம்மாவுக்குப் படபடன்னு வருது. நீங்க திருமங்கலத்துலயே இருங்க, அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள். சிரிக்கவைத்தே பிழைத்தவனுக்கு வந்த கதியைப் பாருங்கள். பேசினால் படபடப்பு.

இதில் ஒரு விசேஷம். மகள் பெயரே அவளுக்குத் தெரியவில்லை, சாப்பிட்டது தெரியவில்லை. ஆனால் சாயங்காலமானால் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "கிளம்புறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். மருமகன் "சொல்றேன் அத்தை, உள்ள வாங்க" என்பார். நகர மாட்டாள். இருட்டும்வரைக்கும் நின்று அழுவாள்.

ஒருநாள் நான் இருக்கும்போதே கேட்டாள். நானும் பதில் சொன்னேன், சார். என்னிடம் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துச் சொன்னேன். பால் பொங்கினதையும் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் சரக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று. வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

செல்வராணிதான் எங்கெங்கோ விசாரித்துக் கோவர்த்தனனைப் பிடித்தாள். அவனுடைய மகன் ஓட்டின ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். இப்போதும் தீக்குச்சிதான், மருந்து மட்டும் உதிர்ந்த தீக்குச்சி. உள்ளே வந்தவன் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டான். அவள் வாசலுக்கு வந்து கேட்டாள். இவன் சொன்னான்.

"இல்லை. நீ சொல்லு. கேட்டுட்டுப் போறேன்."

இதுதான் சார் அந்த வரி. இதில் என்ன இருக்கிறது? கைதட்டலுக்கு இடம் இருக்கிறதா? எதுகை மோனை உண்டா?

அவள் பேசினாள். நான் டிவிக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. நான் எங்க இருக்கேன்னும் தெரியாது. நான் இங்கதான் இருந்தேன், கதவுக்கு இந்தப் பக்கம். உங்க செருப்புச் சத்தம் தெருமுனையில கேட்டா அரிசியைப் போடுவேன். வேற யாரோ செருப்புன்னா அந்தச் சோத்தை நானே தின்னுருவேன். போகாதீங்கன்னு சொல்லப் போறதில்லை. போயிட்டு வாங்கன்னும் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்தாம வச்சிருப்பேன். உங்களுக்காக இல்லை. காத்துக்காக."

இன்னும் இருந்தது. எனக்கு அவ்வளவுதான் நிற்கிறது. ஒரு வார்த்தை பிசகவில்லை, சார். கொத்துமல்லியை மறந்தவள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்தி. முடிந்ததும் கோவர்த்தனனைப் பார்த்து, "சரியா வந்துச்சா, சார்?" என்றாள். "வந்துச்சும்மா" என்றான். உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

நல்லாத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இதைப் பேசியிருந்தால் ஜனம் எழுந்து போயிருக்கும். நான் செய்ததுதான் சரி. தொழில் தெரிந்தவன் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

மறுநாளும் கோவர்த்தனன் வந்தான், ஆனால் நான் முந்திக்கொண்டேன். வரிதான் தெரிந்துவிட்டதே. அவள் கேட்டதும், "இல்லை, நீ சொல்லு, கேட்டுட்டுப் போறேன்" என்றேன். கடகடவென்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கோவர்த்தனன் பக்கம் திரும்பினாள்.

"சார், இவரு யாரு? ஒத்திகையில பாத்ததில்லையே?"

கோவர்த்தனன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "புதுசாச் சேர்ந்திருக்காரும்மா" என்றான்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "முன்னப் பின்ன நடிச்சிருக்கீங்களா?"

ஆயிரம் மேடையில் ஆயிரம் பொய் சொன்னவன் நான். அதுபோல ஒரு பொய்யை நான் சொன்னதில்லை, சார். "இல்லைங்க" என்றேன். "ஆசையா இருக்கு."

"அப்படின்னா கொஞ்ச நாள் சும்மா உக்காந்து பாருங்க. நடுவுல பேசாதீங்க" என்றாள்.

உட்கார்ந்து பார்க்கிறேன். தினமும் இந்த பஸ்ஸில்தான் போகிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்காருவேன். கோவர்த்தனன் புருஷனாக நிற்பான், அவள் பேசுவாள், நான் வாயைத் திறப்பதில்லை. நேற்று முடிந்ததும் அவளாகவே என் பக்கம் வந்தாள். "ஒழுங்கா வர்றீங்க, இடைஞ்சல் பண்றதில்லை. நாளைக்கு நீங்க சொல்லிப் பாருங்க" என்றாள்.

நாளை என்றால் இன்றைக்கு, சார்.

அதனால் ஒரு உபகாரம். அவள் வரியை நீங்கள் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், பேங்க்காரர்கள் யாரும் இந்த பஸ்ஸில் இல்லை. நான் கடகடவென்று சொல்லிவிடக் கூடாது. அதுதான் பயம். கேளுங்கள்.

ம்.

"இல்லை. நீ சொல்லு. கேட்டுட்டுப் போறேன்."

ஏன் சார் சிரிக்கிறீர்கள்?

நான் ஒன்றும் செய்யவில்லையே. புருவத்தைத் தூக்கினேனா? வாயைக் கோணினேனா? வரியை அப்படியேதானே சொன்னேன். முன் சீட்டு அம்மாவும் சிரிக்கிறார்கள் பாருங்கள். அம்மா, சிரிக்காதீங்கம்மா, இது சிரிக்கிற இடம் இல்லை.

முகம் அப்படி ஆகிவிட்டது, சார். பரவாயில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி கேளுங்கள்.